பவளத் தொட்டியில் கல் அடுக்கும் முறை

மீன் காட்சிச்சாலைக்குச் செல்வோர் கண்ணாடித் தொட்டியின் முன்னே நின்று முதலில் காண்பது மீன்களை. அடுத்து, நீரோட்டத்தில் அசைந்தாடும் பவளங்களின் நிறம் அவர்தம் கருத்தைக் கவர்கிறது. மீனும் பவளமும் எதன்மேல், எதனிடையே வாழ்கின்றனவோ அந்தக் கல்லடுக்கை ஊன்றிக் கவனிப்போர் மிகச் சிலரே. ஆயினும் தொட்டியைப் பேணும் பணியாளருக்கு அதன் அருமை தெரியும். மீனைப் பின்னர் மாற்றலாம். விளக்கையும் பம்பையும் மாற்றலாம். நீரைக்கூடச் சிறிது சிறிதாக மாற்றலாம். பவளம் ஒட்டி வளரத் தொடங்கிய பின் கல்லை மட்டும் எளிதில் மாற்ற இயலாது. தொட்டிக்குள் முதலாவதாக இடம் பெறுவதும் கல்லே. முதல் நாளிலேயே சரியாக அமைய வேண்டியதும் கல்லே.

கல்லுக்கு நான்கு பணிகள் உண்டு. நீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு அது வீடு. பவளத்துக்கு அது இருக்கை. நீரோட்டத்துக்கு அது வாய்க்கால். மீனுக்கும் இறாலுக்கும் அது நிழலும் புகலிடமும் ஆகும். இந்நான்கு பணிகளும் கல்லைப் பொறுத்திருப்பதைப் போலவே கற்களுக்கிடையே விடப்படும் வெற்றிடத்தையும் பொறுத்திருக்கின்றன. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு அடுக்கினால் தொட்டி நெடுங்காலம் நிலைக்கும். மறந்து அடுக்கினால் சில மாதங்களிலேயே பழுதுபடும்.

கடலில் உள்ள அமைப்பு

பவளப் பாறையைக் கட்டும் சிறிய உயிரைப் பவளப் பூச்சி என்று உலக வழக்கில் கூறினும், அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவான உயிர் அது. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணச் சத்தைப் பிரித்தெடுத்து, அரகோனைட்டு என்னும் கனியமாகத் தன் அடியில் படியச் செய்கிறது. அதன் திசுக்களுக்குள் ஓரணுப் பாசிகள் குடியிருக்கின்றன. இவை ஒளியைக் கொண்டு உணவைத் தயாரித்து, அதில் பெரும்பகுதியைத் தமக்கு இடமளித்த பவள உயிருக்கே வழங்குகின்றன. இதனால் பவளத்துக்கு ஒளி இன்றியமையாததாகிறது. இரவில் பவள உயிர் தன் பற்றிழைகளை நீட்டி மிதவை உயிர்களைப் பிடித்தும் உண்கிறது. உணவைக் கொண்டுவரவும் கழிவைக் கொண்டுசெல்லவும் நீரோட்டம் வேண்டும்.

பவளத் திட்டுகளைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1842-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், அலைகள் வந்து மோதும் வெளி விளிம்பிலேயே பவளங்கள் மிகச் செழித்து வளர்கின்றன என்று எடுத்துக்காட்டினார். நம் நாட்டின் இலட்சத் தீவுகளில் இதனைக் கண்கூடாகக் காணலாம். அலை உடையும் விளிம்பில் ஒளியும் ஓட்டமும் மிகுதி. உறுதியான பவளங்கள் அங்கே நிலைபெறுகின்றன. வெளிச் சரிவில் இறங்க இறங்க ஒளி குறைகிறது. குறைந்த ஒளியைப் பெறுவதற்காகத் தட்டுப் போல் விரியும் பவளங்கள் அங்கு மிகுதி. உட்புறமுள்ள காயலில் ஓட்டம் தணிகிறது. அமைதியான நீரை விரும்பும் இனங்கள் அதில் வளர்கின்றன. கடலில் பரந்து கிடக்கும் இந்நிலைகளை ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள தொட்டிக்குள் வகுத்தமைப்பதே கல் அடுக்குவோரின் பணியாகும்.

உயிர்க்கல் வந்த வரலாறு

முற்காலத்தில் கடல்நீர்த் தொட்டிகளில் வைக்கப்பட்டவை வெளுத்துப்போன பவள எலும்புக்கூடுகள். அவற்றின்மேல் பாசி படிந்ததும் வெளியே எடுத்து, வெளுப்பு மருந்தில் ஊறவைத்துக் கழுவி மீண்டும் வைப்பது வழக்கம். அவை வெறும் அலங்காரம். அத்தகைய தொட்டிகளில் உயிருள்ள பவளம் நிலைப்பது அரிது.

நியூ கலிடோனியாத் தீவிலுள்ள நூமியா நகரில் ரெனே கதலா என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1956-இல் ஒரு காட்சிச்சாலையைத் தொடங்கினார். கடல்நீரை இடையறாது ஓடவிட்டு, உயிருள்ள பவளங்களை அங்கு அவர் மக்களுக்குக் காட்டினார். கடலோரத்தில் அமைந்த நிலையத்துக்கு அம்முறை பொருந்தும். கடலினின்று தொலைவிலுள்ள ஊருக்குப் பொருந்தாது. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார் எளிய வழியொன்றை 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றின் வாயிலாக உலகுக்கு அறிவித்தார். கடலினின்று எடுத்த கல்லை அதன்மேல் வாழும் உயிர்களோடு அப்படியே தொட்டியில் வைத்தார். காற்றுக் குமிழிகளால் நீரை மெல்லச் சுழலச் செய்தார். தொட்டியில் பவளங்கள் வாழ்ந்தன. அத்தகைய கல்லே உயிர்க்கல் எனப்படுகிறது. பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உயிர்க்கல்லோடு வலிமையான விளக்கையும், நுரையெழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவியையும் சேர்த்து முறையை மேலும் வளர்த்தனர்.

கல்லுக்குள் நடைபெறும் இரசாயனம்

மீன்களின் செவுள்களிலிருந்தும் மிஞ்சிய உணவு அழுகுவதிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. இது மீனுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் பிராணவாயு மிகுந்த இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல்லின் நுண்துளைகள் வழியே நீர் உள்ளே செல்லச் செல்லப் பிராணவாயு குறைந்துகொண்டே வருகிறது. அங்கு வாழும் மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைத் தாம் பயன்படுத்திக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளிவிடுகின்றன. அவ்வாயு நீரிலிருந்து காற்றோடு கலந்துவிடுகிறது.

துளைகளற்ற கருங்கல்லில் இவ்விரண்டாம் பகுதி வேலை நடவாததன் காரணம் இப்போது விளங்கும். கல்லைக் கையில் எடுக்கும்போது அதன் பருமனைக் காட்டிலும் எடை குறைந்து தோன்றினால் அது நுண்துளை மிக்கது என்று கொள்ளலாம். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீரைச் சோதித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று உறுதிப்பட்ட பின்னரே உயிர்களை இடுதல் வேண்டும். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே மீன்களை விடுவோர் அவற்றை இழப்பது பெரும்பாலும் இதனாலேயே.

சுவரும் தீவும்

புதிதாகத் தொடங்குவோர் செய்யும் பொதுவான பிழை, பின்புறக் கண்ணாடியோடு ஒட்டிக் கற்களைச் சுவர்போல எழுப்புவது. கடைத்தெருவில் பழங்களை அடுக்கி வைப்பதுபோல் இது முதல் நாளில் நிறைவாகத் தோன்றும். சில மாதங்கள் சென்றதும் சுவரின் பின்னே நீர் தேங்குகிறது. மீன் கழிவும் மிஞ்சிய இரையும் அங்கே படிகின்றன. அவை அழுகுவதால் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுகின்றன. தேவையற்ற பாசி கல்லெங்கும் படர்ந்து பவளத்தை மூடுகிறது. கை நுழையாத அவ்விடத்தைத் தூய்மை செய்ய வேண்டுமாயின் அடுக்கு முழுவதையும் கலைத்தாக வேண்டும். அதற்குள் பவளங்கள் கல்லோடு ஒட்டி வளர்ந்துவிட்டிருக்கும்.

இதற்கு மாற்றாக, தனித்தனித் தீவுகளாக அமைப்பதே சிறந்தது. எடுத்துக்காட்டாக, 120 சென்டிமீட்டர் நீளமும், 60 சென்டிமீட்டர் அகலமும், 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டியைக் கொள்வோம். இதன் கொள்ளளவு 432 லிட்டர். பழைய கணக்கின்படி லிட்டருக்கு 120 கிராம் வீதம் சுமார் 52 கிலோகிராம் கல் தேவைப்படும். நுண்துளை மிக்க நல்ல கல்லாயின் அதில் பாதியே போதும் என்பது இன்றைய அனுபவம். இக்கல்லைக் கொண்டு 52 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய தீவும், 28 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய தீவும் அமைக்கலாம். இரண்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கால்வாய் விடலாம். இருபுறமும் 10 சென்டிமீட்டரும், முன்னும் பின்னும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டரும் காலியாக இருத்தல் வேண்டும். அப்போதுதான் கண்ணாடியைத் தேய்க்கும் கருவி தடையின்றிச் செல்லும். நீரும் தீவுகளைச் சுற்றி ஓடும். கால்வாய் தொட்டியின் நட்டநடுவே அமையாமல் ஒருபுறம் ஒதுங்கியிருப்பது கண்ணுக்கும் இயல்பாகத் தோன்றும். அடுக்கின் உச்சி நீரின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டலாகாது. பவளம் மேல்நோக்கி வளர்வதற்கு எஞ்சிய பங்கு தேவை.

தரையிலிருந்து தொடங்குதல்

தொட்டிக்குள் கல்லை இறக்குமுன், அதன் அடிப்பரப்பின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டித் தரையில் விரித்து, அதன்மேல் அடுக்கிப் பார்ப்பது நன்று. உட்கார்ந்து, காண்போரின் கண் மட்டத்திலிருந்து நோக்க வேண்டும். பொருந்தாத கல்லை உளியால் உடைத்துப் பொருத்தலாம். முடிவான அமைப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் தொட்டிக்குள் மீண்டும் அடுக்குவது எளிது.

அடிக்கற்கள் மணலின்மேல் அமரலாகாது. மணலைத் தோண்டி வாழும் இறால்களும் உளுவை மீன்களும் கல்லின் கீழே வளை பறிக்கும், மணல் சரிந்தால் கல்லும் சரியும், கண்ணாடியும் உடையலாம். ஆதலால் முதலில் அடிக்கண்ணாடியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக்குத் தகட்டைப் பரப்பி, அதன்மேல் கற்களை நிறுத்தி, அதன் பின்னரே 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மணலைக் கொட்ட வேண்டும். ஒவ்வொரு கல்லும் மூன்று இடங்களிலேனும் படிந்து நிற்க வேண்டும். அடுப்பின்மேல் பானை மூன்று குமிழ்களில் அசையாமல் நிற்பது இந்த விதியினாலேயே. விரலால் தள்ளினால் அசையும் கல்லைக் கடல் முள்ளெலி ஒரே இரவில் உருட்டிவிடும். எட்டி நிற்கும் கற்களைத் துளையிட்டு பிளாஸ்டிக்குக் கம்பியைச் செருகியோ, எப்பாக்சிப் பசையாலோ, சிமெண்டாலோ பிணைக்கலாம். இரும்புக் கம்பி கடல்நீரில் துருப்பிடிக்குமாதலால் அதனைப் பயன்படுத்தலாகாது.

நீர், கல், கண்ணாடி யாவும் சேர்ந்து இத்தொட்டியின் எடை அரை டன்னைத் தாண்டும். தாங்கும் மேசையும் அதன் கீழுள்ள தளமும் அதற்கேற்ற வலிமை உடையனவா என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ளுதல் வேண்டும்.

ஓட்டமும் ஒளியும்

கிளைத்து வளரும் கடினப் பவளங்களுக்கு, தொட்டியின் கொள்ளளவைப்போல் மணிக்கு 20 முதல் 40 மடங்கு நீர் சுழலுதல் வேண்டும். மேலே கூறிய தொட்டிக்கு இது ஏறத்தாழ 8,600 முதல் 17,000 லிட்டர் வரை ஆகும். இந்த வேகம் ஒரே திசையில் ஊசிபோல் பாயுமாயின் பவளத்தின் மென்தசை உரிந்து எலும்பு வெளிப்படும். இரு பம்புகளை எதிரெதிரே வைத்து மாறி மாறி இயக்குவது கடலலையின் போக்கை ஒத்திருக்கும். கல்லடுக்கு சரியாக அமைந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பொடித்த மீன் இரையைச் சிறிது நீரில் தூவி, அது எங்கே போய்ப் படிகிறது என்று கவனிக்க வேண்டும். எந்த மூலையில் துகள்கள் குவிகின்றனவோ அங்கே பின்னர்க் கழிவும் குவியும். பவளங்களை ஒட்டுமுன் அவ்விடத்துக் கல்லைத் திருப்பி வைத்தால் போதும்.

ஒளியை ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகள்களின் அளவால், மைக்ரோமோல் என்னும் அலகில் குறிப்பர். வெப்பமண்டலத்து நண்பகல் வெயிலில் அது சுமார் 2,000. தொட்டியில் மான்கொம்புபோல் கிளைக்கும் அக்ரோபோராப் பவளத்துக்கு 200 முதல் 350 வரை போதும். தடித்த தசையுடைய பெரும்பாலான பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். ஆகவே அடுக்கின் உச்சியில் தட்டையான படிகளை அமைத்து அக்ரோபோராவையும், நடுச்சரிவிலும் அடியிலும் மற்றவற்றையும் வைப்பது முறை. உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் கீழேயுள்ள பவளத்தை நிழலில் ஆழ்த்திவிடாதபடி, மேற்படி பின்னுக்கும் கீழ்ப்படி முன்னுக்குமாகப் படிக்கட்டுப்போல் அமைத்தல் வேண்டும். குகையும் வேண்டும், அஞ்சிய மீன் ஒளிந்துகொள்ளவும், நிழலை விரும்பும் கடற்பஞ்சு ஒட்டவும் அது உதவும். ஆனால் ஒவ்வொரு குகைக்கும் இரு வாயில்கள் இருத்தல் நலம். ஒரு வாயிலே உள்ள குகையில் நீர் தேங்கும். வலிய மீன் வாயிலை மறித்தால் எளிய மீனுக்குத் தப்ப வழியிராது.

பவளங்களின் எல்லைப் போர்

அசையாதிருக்கும் பவளங்கள் தமக்குள் போரிடுகின்றன என்பது பலருக்கு வியப்பளிக்கும். கேலக்சியா போன்ற இனங்கள் இரவில் வழக்கமான பற்றிழைகளைவிடப் பன்மடங்கு நீண்ட, கொட்டும் அணுக்கள் நிறைந்த இழைகளை வெளியே நீட்டி, அருகிலுள்ள பவளத்தைத் தீண்டி அழிக்கின்றன. வேறு சில இனங்கள் தம் செரிமான இழைகளை வெளியே விட்டு, அடுத்ததன் தசையையே கரைத்துவிடுகின்றன. எனவே வெவ்வேறு இனங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளியேனும் விடுதல் வேண்டும். கொடிய இனங்களைத் தனியாக ஒரு தீவில் குடியேற்றுதல் இன்னும் நன்று.

வளர்ச்சியையும் கணக்கிட வேண்டும். உருண்டு திரளும் போரைட்டீஸ் இனம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். கிளைக்கும் அக்ரோபோரா நல்ல சூழலில் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளரும். ஆகவே முதல் ஆண்டில் பாதி வெறுமையாகத் தோன்றும் தொட்டியே ஐந்தாம் ஆண்டில் அழகாக விளங்கும். முதல் நாளில் நிறைந்திருப்பது பின்னர் நெருக்கடியில் முடியும்.

கல்லை எங்கிருந்து பெறுவது?

இக்கலையின் மிக முக்கியமான வினா இதுவே. உயிர்க்கல் கடலில் கிடைக்கிறது. ஆனால் அதனைக் கடலினின்று உடைத்தெடுப்பது கடலின் வீட்டை இடித்து வரவேற்பறையை அலங்கரிப்பதாகும். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. இப்பகுதியில் நெடுங்காலம் பவளக் கற்கள் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை குறைந்ததால் தீவுகளின் கரை அரித்துச் சென்றது. இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. இத்தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-இல் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளமும், தீப்பவளமும், கடல் விசிறியும் அவற்றோடு சேர்ந்தன. புலிக்கு உள்ள பாதுகாப்பு இன்று நம் கடற்பவளத்துக்கும் உண்டு. உரிய அனுமதியின்றி அவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும்.

கல்லை நாமே செய்துகொள்ளலாம் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஒரு பங்கு சிமெண்டுடன் நான்கு பங்கு நொறுக்கிய சிப்பி ஓட்டையும் கல்லுப்பையும் கலந்து, சிறிதளவு நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஈர மணலில் பள்ளம் தோண்டி அதில் இட்டால் மணலின் மேடு பள்ளங்களே கல்லின் உருவமாக அமையும். இறுகிய பின் நன்னீரில் மூழ்கவைத்தால் உப்புக் கரைந்து நுண்துளைகள் உண்டாகின்றன. சிமெண்டின் காரம் நீரில் இறங்குமாதலால், சில நாட்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி 6 முதல் 8 வாரங்கள் ஊறவைத்தல் அவசியம். நீரின் கார அளவெண் கடல்நீரை ஒத்து 8.3 அளவுக்கு இறங்கிய பின்னரே கல்லைத் தொட்டியில் இடலாம். சுட்ட களிமண்ணால் செய்த துளையுள்ள கற்களும் இதே பணியைச் செய்யும்.

இவ்வாறு செய்த கல் முதலில் உயிரற்றதே. பாலைத் தயிராக்கச் சிறிது உறை போதுவதுபோல், முதிர்ந்த தொட்டி ஒன்றிலிருந்து பெற்ற ஒரு கைப்பிடியளவு கல்லோ மணலோ இதற்குப் போதும். நுண்ணுயிர்கள் புதிய கல்லுக்குப் பரவுகின்றன. சில மாதங்களில் இளஞ்சிவப்பான சுண்ணப்பாசி படர்ந்து, செய்த கல்லுக்கும் கடற்கல்லுக்கும் வேறுபாடு தெரியாமற் போகும்.

தொட்டியிலிருந்து கடலுக்கு

கடல்நீர் வழக்கத்துக்கு மேல் வெம்மையுறும்போது பவளங்கள் தம்முள் வாழும் பாசிகளை இழந்து வெளுக்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இந்தியக் கடல்களில் இந்த இழப்பு பேரளவில் நேர்ந்தது. அழிந்த இடங்களில் மீண்டும் பவளத்தைக் குடியேற்ற முயல்வோருக்கு முன்னே நிற்பதும் கல் அடுக்கும் வினாவே. தூத்துக்குடிக்கு அருகே அரிப்புக்குள்ளான வான் தீவைக் காக்க 2015 முதல் துளைகளுள்ள கான்கிரீட்டுத் தொகுதிகள் கடலில் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணிப்பதோடு மீன்களுக்கும் பவளத்துக்கும் இடமளிக்கின்றன. கட்சு வளைகுடாவின் மித்தாப்பூர்க் கடலோரத்தில் இந்திய விலங்கியல் ஆய்வகம் 2020 ஜனவரியில் எஃகுச் சட்டங்களை நீரில் நிறுத்திக் குறைந்த அழுத்த மின்சாரம் பாய்ச்சியது. கடல்நீரிலுள்ள சுண்ணம் அச்சட்டத்தின்மேல் கல்லாகப் படிகிறது. உடைந்த பவளத் துண்டுகளை அதில் கட்டி வளர்க்கலாம்.

அலையை எப்பக்கம் எதிர்கொள்வது, இடைவெளி எவ்வளவு விடுவது, எந்த உயரத்தில் எந்த இனத்தை வைப்பது என்ற வினாக்கள் கடலுக்கும் தொட்டிக்கும் பொதுவானவை. தொட்டியில் ஒரு கல்லைத் திருப்பி வைத்து விடையைச் சில வாரங்களில் அறிந்துகொள்ளலாம். கடலில் அதே விடைக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். கடலினின்று ஒரு கல்லையும் எடுக்காமல் அமைத்த தொட்டி, இவ்வகையில் கடலுக்கு அறிவைத் திருப்பிக் கொடுக்கும் சிறிய ஆய்வுக்கூடமாகத் திகழ முடியும்.